மெத்தைக் கடையில் கேள்வி கேட்கிற கம்ப்யூட்டர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

விடுதிக்காரர் நம் மெத்தைக் கடையை விட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார். நீங்களும் என் மகளும் நலம்தானே? நலமாகவே இருங்கள், இங்கே அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

போன மாதம் வந்திருந்தபோது, நானே புரோகிராம் எழுதலாம், கேள்வி கேட்கணும், பதிலை வாங்கணும், விலையைக் காட்டணும், அவ்வளவுதான் என்றீர்கள். எழுதினேன். வாசலில் கம்ப்யூட்டரை வைத்து, வாங்க வருகிறவர்களையே தட்டச் சொன்னேன். எத்தனை மெத்தை என்று அது கேட்டது. முதலில் வந்த தையல்காரர் "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று அடித்தார். எண்ணுக்காகக் காத்திருந்த புரோகிராம், திரை முழுக்கச் சிவப்பு எழுத்தோடு மல்லாந்துவிட்டது. உங்களுக்குப் போன் போட்டேன். எண் வரும்வரை விடாமல் திரும்பத் திரும்பக் கேட்கிற மாதிரி எழுதச் சொன்னீர்கள். அதையும் எழுதித் தொலைத்தேன்.

அப்போதுதானா விடுதிக்காரர் வர வேண்டும்? கடை திறந்த நாளிலிருந்து அவர் விடுதியில் விரித்திருப்பதெல்லாம் நம் மெத்தை. அவர் போனால் கடையே ஆட்டம் காணும். "போன தடவை மாதிரியே" என்று அடித்தார். எண்ணில் சொல்லவும் என்றது. "பத்துப் பன்னிரண்டு" என்றார். எண்ணில் சொல்லவும். "உன் முதலாளிக்குத் தெரியும்" என்றார். எண்ணில் சொல்லவும். பின்னால் வரிசை நடைபாதை வரை நீண்டுவிட்டது. ஓடிப்போய் நிறுத்தப் பார்த்தால், நிறுத்துவதற்கு நான் வழியே எழுதவில்லை. "வேண்டாம்" என்று அடித்தாலும் எண்ணில் சொல்லவும் என்கிறது.

அவர் கத்தவில்லை, மாப்பிள்ளை. கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இத்தனை வருஷமா நான் வாயால சொன்னா உனக்குப் போதும். இப்ப இதுகிட்டயும் சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டுத் தெருவைக் கடந்தார்.

வேறு யாராக இருந்தாலும் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன், மாப்பிள்ளையாகப் போய்விட்டீர்கள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து இந்தச் சனியனை உங்கள் கையாலேயே எடுத்துப் போய்விடுங்கள்.

மகளை வேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: எடுத்துப் போக வேண்டாம். நம் வாசல் வரிசையைப் பார்த்து, புரோகிராமால்தான் கூட்டம் அம்முகிறது என்று எதிர்க்கடைக்காரர் விலை கேட்டு வந்தார். வந்தவரை விடவே விடாது என்று உண்மையைத்தான் சொன்னேன். அதுதான் வேண்டும் என்றார். அன்று அங்கே விலை மட்டும் கேட்டுவிட்டுப் போன விடுதிக்காரர், திங்கட்கிழமை மெத்தை வாங்க வருகிறாராம். ஞாயிறன்றே, ஒரு வரியும் திருத்தாமல், அங்கே பொருத்திவிடுங்கள். பாதிப் பணம் கைக்கு வந்துவிட்டது, மீதி பொருத்தியதும். விற்ற சரக்கைத் திரும்ப எடுப்பதில்லை.