சொந்தக் கடைக்கு எதிராக ஒரு தண்டோரா

கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களையெல்லாம் விரட்டியடித்த ஒரே வியாபாரி இந்தப் பூமியில் எங்கள் உத்திரமேரூர் ‘வாணாம் நைனா’வாகத்தான் இருக்க முடியும்.

அவருடையது நெல் விதைக் கடை. ஐம்பதுகளின் கடைசியில் நான் எதிரே இருந்த தபாலாபீசில் குமாஸ்தா. முத்திரை குத்திக்கொண்டே அவர் வியாபாரம் செய்யும் அழகைப் பார்ப்பேன்.

“நைனா, சம்பா வெத ஒரு மூட்ட.”

“ஏரியில தண்ணி எவ்ளோ கீது?”

“பாதி கீது.”

“அப்போ சம்பா வாணாம். கதிர் வர்றப்போ காஞ்சிடும். சீக்கிரம் வெளையறதா வாங்கு.”

“சரி, அதையே குடு.”

“எங்கிட்ட இல்ல. பஜார் கோடி கடையில கீது, ஓடு!”

ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு பிடி எடுத்து ஈரத்துணியில் முடிந்து வைப்பார். முளைத்தால்தான் அந்த மூட்டை விற்பனைக்கு. கல்யாணத்துக்குப் போனாலும் இடுப்பில் ஒரு முடிச்சு இருக்கும். பந்தியில் குடிக்க வைத்த தண்ணீரை அதற்குத் தெளித்துவிட்டு, விக்கலோடு சாப்பிடுவார்.

ஓர் ஆடியில் அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். கடையில் உட்கார்ந்த மச்சான், புதிதாக வந்த மூட்டைகளை முளைக்கவிட்டுப் பார்க்காமலே, பக்கத்துக் கிராமமான பெருநகரின் ஆட்களுக்கு விற்றுவிட்டான். நைனா எழுந்து வந்ததும் மிச்சமிருந்த மூட்டையில் ஒரு பிடி எடுத்து முடிந்து வைத்தார். நாலாம் நாள் துணியைப் பிரித்தால் ஒன்றுகூட முளைக்கவில்லை.

“யாருக்கு மாமா தெரியப் போவுது?” என்றான் மச்சான். “புழுதியில வெதச்சிட்டு மழைக்குக் காத்துக்கினு கெடப்பாங்க. மொளைக்கலன்னா மழையத் திட்டுவாங்க.”

“மழை இன்னாடா பண்ணிச்சி உன்ன?”

அடுத்த நிமிஷம், தபாலாபீசுக்குப் பின்னால் இருந்த என் அறைக்குள் புகுந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் பாதி சவரத்தில் இருந்தேன்.

“சார், பெருநகர்ல யார் வூடு எங்க கீதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். கெளம்புங்க!”

மீதி மீசையோடும் சோப்பு நுரையோடும் மாட்டு வண்டியில் ஏறினேன். வண்டி நிறைய நல்ல விதை. முன்னால் தண்டோராக்காரர்.

பெருநகரில் அவர் பறையைத் தட்டி, “வாணாம் நைனா கடை வெத சொத்தை! யாரும் வெதைக்காதீங்கோ! மாத்திக் குடுக்க வண்டி வந்துகீது!” என்று அறிவித்ததுதான் தாமதம், ஊரே திரண்டுவிட்டது.

“எங்க நைனா கடைய சொத்தைன்னு எவன்டா சொல்லச் சொன்னான்?”

தண்டோராக்காரர் மேல் கை விழுவதற்குள், நைனா வண்டி மேல் ஏறி நின்று கத்தினார்: “நான்தான்டா!”

மூட்டை பிரிக்காதவர்கள் மாற்றிக்கொண்டார்கள். அஞ்சலை என்ற ஒருத்தி மட்டும் முன்தினமே விதைத்துவிட்டாள். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

“யோவ், பத்து வருசமா ஊரான் நெலத்துல களை புடுங்கினு இருந்தேன். இப்பத்தான் மொத மொதலா கால் காணி குத்தகைக்குப் புடிச்சேன். அதுல சொத்தைய வுட்டியேயா!”

“இன்னும் திட்டு தாயி” என்றார் நைனா. நிஜமாகவே அவள் முடிக்கும்வரை தலை குனிந்து நின்றார். பிறகு வண்டி மாடுகளை அவிழ்த்து, ஓர் ஏரை இரவல் வாங்கிப் பூட்டி, அவரே உழ இறங்கினார். உழவுச் சால் பாம்பு மாதிரி வளைந்து பக்கத்து வயலுக்குள் போயிற்று. திட்டி ஓய்ந்து அழுதுகொண்டிருந்த அஞ்சலைக்கே பொறுக்கவில்லை.

“ஏர வண்டிக்காரர்கிட்ட குடுய்யா! நீ வெதைய மட்டும் தூவு!”

மாற்றிக் கொடுத்ததில் மற்ற மூட்டைகள் தீர்ந்துவிட்டதால், தன் சொந்த நிலத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்த விதையை அவளுக்குத் தூவினார். அந்தப் பட்டத்தில் கடையில் விற்க விதையே இல்லை. மச்சான் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். மழை பெய்தது. அதன் பிறகு நைனா தினமும் முதல் பஸ்ஸில் பெருநகர் போய், அஞ்சலை வயலைப் பார்த்துவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்புவார்.

ஆறாம் நாள், தபாலாபீசில் நல்ல கூட்டம். மணியார்டருக்கு நின்றவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு, முழங்கால்வரை சேற்றோடு ஓடி வந்தார்.

“மொளச்சிடுச்சி சார்! மூல முடுக்கெல்லாம் பச்சையா கீது! அஞ்சல எனக்கு மோர் குடுத்தா சார்!”

கவுண்டர் கம்பி வழியாகச் சேற்றுக் கை உள்ளே நீண்டது. நான் முத்திரையைக் கீழே வைத்துவிட்டு அதைப் பிடித்துக்கொண்டேன். வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு அந்தக் கையை விட மனசே வரவில்லை.