எட்டுப் பேரில் முதலாவதாக வந்தவர்

எட்டுப் பேர் படித்த வகுப்பில் முதலாவதாக வந்தவரை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லாதீர்கள். கல்யாணப் பந்தியில் உங்களுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருப்பார். ரசம் வருவதற்குள் தன் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஆரம்பிப்பார். மோர் வந்த பிறகும் எட்டாம் வகுப்பைத் தாண்டியிருக்க மாட்டார். வகுப்பில் முதல் மாணவன் அவர்தான், கபடிக்குத் தலைவன் அவர்தான், நாடகத்தில் ராஜா அவர்தான், காலையில் கடவுள் வாழ்த்தும் அவர்தான். வகுப்பில் மொத்தம் எத்தனை பேர் என்பதை மட்டும் சொல்ல மாட்டார். நாமாகக் கேட்க வேண்டும். கேட்டால் இருமல் வரும்.

இந்த இனத்தில் நான் கண்ட உயர்ந்த ரகம் சேனாதிபதி. பெருமாள்மலைச் சந்திப்பில், கொடைக்கானலுக்கு ஏறுகிற வண்டிகள் மூச்சு வாங்க நிற்கும் இடத்தில், பேரிக்காயும் பிளம்ஸும் மலைப்பூண்டும் விற்கிறார். அரைக்கிலோ பேரிக்காய் வாங்கினால் அரைமணி நேரப் பள்ளிக்கூடம் இலவசம்.

"சார், பெரிய பள்ளிக்கொடத்துல பிள்ளைக்குப் பேரு கெடையாது, நம்பருதான். எங்க வாத்தியாருக்கு என் பேரு தெரியும், எங்கப்பா பேரு தெரியும், எங்க வீட்டு நாய் பேரு வரைக்கும் தெரியும்!"

சந்திப்பிலிருந்து மூன்று கிலோமீட்டர் கீழே, சரிவில் இரண்டு கட்டடமாக நிற்கிற அரசு உயர்நிலைப் பள்ளி அது. மேகம் வகுப்புக்குள் வந்துவிட்டால் கடைசி பெஞ்சு தெரியாது என்பார். உண்மைதான், ஆனால் இருந்ததே இரண்டு பெஞ்சு. அறிவியல் ஆசிரியர் மாற்றலாகிப் போன வருடம் தமிழாசிரியரே அறிவியலும் எடுத்தார் என்பார். அதனால்தான் சேனாதிபதிக்கு இன்றுவரை அமிலமும் காரமும் எதுகை மோனையாகவே ஞாபகம் இருக்கிறது. எது எதைச் சிவப்பாக்கும் என்றால் தெரியாது.

இத்தனை பெருமையையும் கேட்டுக்கேட்டு, அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை ராஜேஸ்வரி ஒரு காரியம் செய்தார். ஒன்பதாம் வகுப்பில் ஏழே பேர். எண்ணிக்கை ஏறாவிட்டால் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது. ஆகவே ஜூன் மாதச் சேர்க்கை ஊர்வலத்துக்குச் சேனாதிபதியைத் தலைவராக்கிவிட்டார். கேட்கவா வேண்டும்? வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, முன்னால் ஒரு மேளம். சந்திப்புக்குச் சற்றுக் கீழே காப்பித் தோட்டத்தை ஒட்டிய குடியிருப்புக்குள் ஜெயித்த வேட்பாளரைப் போல நுழைந்தார்.

அங்கே ஒய்யம்மாள், பறித்துக்கொண்டு வந்த கடுக்காயைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் மகள் ரேவதி எட்டாவது முடித்தவள். தூரத்து விடுதியில் சேர்த்துப் பார்த்தார்கள். ஒருவரும் பேசவில்லை என்று மூன்றாம் நாளே திரும்பி வந்துவிட்டாள். இனிமேல் அம்மாவோடு காப்பிப் பழம் பறிக்கத்தான் என்று முடிவாகியிருந்தது.

சேனாதிபதி தன் உரையைத் தொடங்கினார். நாயின் பெயர் வரைக்கும் வந்தார். ஒய்யம்மாள் கை வேலையை நிறுத்தாமல் எல்லாவற்றையும் கேட்டாள்.

"நல்லாத்தாங்க சொல்றீங்க. உங்க பிள்ள அங்க எத்தனாவது படிக்குது?"

மேளம் நின்றது. தலைமையாசிரியை வானத்தில் மழை இருக்கிறதா என்று பார்த்தார்.

"அது வந்து... புவனா வேற பள்ளிக்கொடத்துலல்ல படிக்கா. இந்த வருசத்துக்கு யூனிபாரம்கூடத் தச்சாச்சு."

"தச்சது கெடக்கட்டுங்க. உங்க பிள்ளைய அனுப்புங்க, அன்னைக்கே எம்மகளும் வருவா. ரெண்டா நடந்து போகட்டும்."

வீட்டுக்கு வந்து இதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னார். ஒன்பதாவதுக்குப் போகவிருந்த புவனா தட்டிலிருந்து தலை தூக்கினாள். "நான் போறேன்பா."

"என்னது?"

"எங்க கிளாஸ்ல அம்பத்திரண்டு பேரு. எங்க மிஸ்ஸு ஒரு வருசமா என்னயப் பவானின்னுதான் கூப்புடுறாங்க. நான் புவனா மிஸ்ன்னு சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு."

அப்போதுதான் நம் சேனாதிபதி பேசினார் பாருங்கள், வாழ்நாளில் அப்படிப் பேசியதில்லை. "கூறு இருக்கா உனக்கு? அங்க ஒரு நாள் மட்டம் போட முடியுமா? நாய் பேரு வரைக்கும் தெரிஞ்சு வச்சிருப்பாங்க! ஒரு வாத்தியாரு மாத்தலாகிட்டா அந்தப் பாடமே போச்சு! ஆய்வகத்துல ஒரே ஒரு குழாய், அதுவும் விரிசல்! போட்டிக்குன்னு ஆளே கெடையாது, மொத வாறதுல என்ன பெரும?"

மனைவி லீலா குழம்புக் கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். "ஏங்க, இருபது வருசமா இதத்தான பெருமையாச் சொல்லிக்கிட்டு இருந்தீக?"

ஒரு மனிதன் தன் வாயாலேயே தோற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? சாப்பாடு ஆறிப்போனது. மறுவாரம் புவனாவும் ரேவதியும் ஒன்றாகச் சரிவில் இறங்கிப் போனார்கள். அதைப் பார்த்துக் குடியிருப்பிலிருந்து இன்னும் நாலு பிள்ளைகள் கீழ் வகுப்புகளில் சேர்ந்தார்கள். அந்த வருடத்துக்குப் பள்ளி பிழைத்தது.

சுதந்திர தின நாடகத்துக்குச் சேனாதிபதி கடையைச் சாத்திவிட்டே போனார். ஆள் பற்றாத பள்ளி அல்லவா? புவனா வெள்ளைக்கார அதிகாரியாக வந்து சுட்டாள். தொப்பியை ரேவதி தலையில் மாட்டிவிட்டு ஓடி வந்து, சுடப்பட்டு விழுந்ததும் அவளே. செத்தவள் எழுந்து போய்க் கொடிப்பாட்டும் பாடினாள். சேனாதிபதிக்குக் கண் கலங்கிவிட்டது. ஐம்பத்திரண்டு பேரில் அவளுக்கு ஒரு மரமாக நிற்கவாவது இடம் கிடைத்திருக்குமா?

அந்த ஆனந்தம் செப்டம்பர் வரை நீடித்தது. காலாண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில், மதுரையிலிருந்து வந்த ஒரு பேருந்துக் கூட்டமே கடை முன் நின்றுகொண்டிருந்தபோது, கணக்கு ஆசிரியர் வேலப்பன் பையோடு வந்தார்.

"சேனாதிபதி, பிள்ள கணக்குல பதினொண்ணு. அரைக்கிலோ பூண்டு போடுங்க."

"சார்... கொஞ்சம் மெதுவா..."

"நூத்துக்குத்தான் சொல்றேன். ரேவதிதான் ஃபர்ஸ்ட்டு, தொண்ணூத்தாறு. பூண்டு முத்தலாப் பாத்துப் போடுங்க."

பேருந்தே திரும்பிப் பார்த்தது. பெரிய பள்ளிக்கூடத்தில் இந்தச் செய்தி ஒரு காகிதத்தில் மடிந்து, புவனாவின் பையில் ஒரு வாரம் பதுங்கி, நல்ல நேரம் பார்த்து வெளியே வந்திருக்கும். இங்கே வாத்தியார் பூண்டு வாங்க வருகிறார். என்ன செய்ய?

அன்று மாலை மகளைத் திட்டுவதற்காகவே சேனாதிபதி சீக்கிரமே கிளம்பிப் பாதி வழிக்குப் போய் நின்றார். கீழேயிருந்து இரண்டு பேரும் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். புவனா அழுது வீங்கிய முகத்தோடு ஏதோ சூத்திரத்தை ஒப்பித்தாள். ரேவதி அவளை நிறுத்தி, பாதை மண்ணில் குச்சியால் முக்கோணம் போட்டுக் காட்டினாள். "ஏ புள்ள, இந்தப் பக்கத்த விட்டுட்ட பாரு. மறுபடி சொல்லு." புவனா மறுபடி சொன்னாள். விடுதியில் ஒருவரும் பேசாத பெண், இப்போது வழி நெடுக வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். சேனாதிபதி வைத்திருந்த திட்டையெல்லாம் விழுங்கிவிட்டு, இரண்டு பைகளையும் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நடந்தார்.

அரையாண்டில் புவனாவுக்குக் கணக்கில் ஐம்பத்து நாலு. பூண்டுக் கடை முன் அதுவும் சத்தமாகத்தான் அறிவிக்கப்பட்டது. வகுப்பில் முதல், மறுபடியும் ரேவதி.

சேனாதிபதி திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? போன வாரம் பேரிக்காய் வாங்கப் போனேன். எடைபோடும்போதே ஆரம்பித்தார். "சார், அந்தப் பள்ளிக்கொடத்துலயே முதலா வர்ற பிள்ள யாருன்னு நெனைக்கீங்க? எம்மக கூட நடந்து போற பிள்ள!"

எத்தனை பேரில் என்று கேட்டேன்.

"ஒம்பது பேரு சார்!" என்றார். இருமவே இல்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்த கையோடு, இதை உங்கள் பழைய பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் போடத்தானே விரல் போகிறது? தாராளமாகப் போடுங்கள். அந்தக் குழுவைத் தொடங்கியவர், அதற்குப் பள்ளியின் படத்தை வைத்தவர், தினமும் காலையில் முதல் வணக்கம் சொல்கிறவர் எல்லாம் ஒரே ஆள்தானே? அந்த ஆள் யாரென்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.