மற்றமை ஆராயும் மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதுவது

தளவாய்புரம்,
ஞாயிறு காலை.

மகாகனம் பொருந்திய மாப்பிள்ளை தங்கப்பாண்டியன் அவர்களுக்கு, ராணுவத்தில் இருபத்திரண்டு வருஷம் விறைப்பாக நின்ற மாமனார் கண்ணுச்சாமி ஆசி கூறி எழுதுவது. இங்கு நானும் என் சர்க்கரையும் தோட்டத்து மோட்டாரும் நலம். மகள் யுவராணி மட்டும் நலமில்லை. மூன்று நாள் முன்பு கிருஷ்ணன்கோவில் உங்கள் வீட்டிலிருந்து பெட்டியோடு வந்தவள் இன்னும் அதைத் திறக்கவில்லை. போன் போட்டால் நீங்கள் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள் என்றுதான் கடிதம்.

என்னம்மா ஆச்சு என்றால், "சித்தி மக கல்யாணத்துக்குப் பச்சை கட்டவா, நீலம் கட்டவான்னு கேட்டேம்ப்பா. நான் அவியளுக்கு மற்றமையாம், அறியவே முடியாத வேத்தாளாம். என் மனசு தெரியும்னு அவிய சொன்னா அது வன்முறையாம்" என்று அழுகிறாள். சேலை கேட்டவளுக்கு இதுவா பதில்? உங்கள் ஆராய்ச்சிக் கட்டுரையையும் கொண்டுவந்திருக்கிறாள். புதுக் கன்பூசியம் என்கிற சீனத் தத்துவத்தைப் பின்நவீனத்துவக் கண்ணால் மறுபடி வாசிக்கிறீர்களாம். முதல் தடவையே விளங்காததை எதற்கய்யா மறுபடி? அந்தச் சீனப் பெரியவர்களாவது, எல்லாத்துக்குள்ளேயும் ஒரே நெறி ஓடுது, உற்றுப் பார்த்தால் பிடிபடும் என்றார்கள். ஒருத்தர் மூங்கிலை ஏழு நாள் முறைத்துப் பார்த்துக் காய்ச்சலில் படுத்தாராம். படுக்கட்டும், பார்க்கவாவது செய்தாரே! நீங்களோ, எதிரே இருப்பவரை முழுசா அறிய முடியாது, அறிஞ்சேன்னு சொல்றவன் அவரைத் தன் அச்சில் வார்க்கிறான், அதனால கேட்கணும், கேட்டுக்கிட்டே இருக்கணும்னு நாற்பது பக்கம் எழுதியிருக்கீங்க. கேட்டுக்கிட்டே இருக்கிறதுக்கு ஒரு டாக்டர் பட்டமா? தூ!

என்னைப் பாருங்க. முப்பத்தோரு வருஷமா உங்க அத்தை பாலம்மாளிடம் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவளுக்கு அரக்குச் சேலைதான் பிடிக்கும். வெளியூர் போறது பிடிக்காது. கோழிக்குழம்புல கழுத்துதான் பிடிக்கும். அம்புட்டும் எனக்கு அத்துப்படி. இதுக்கு எந்தச் சீனாக்காரன் வந்து சொல்லிக் கொடுத்தான்?

ஆகவே கட்டுரையைப் பரணில் போட்டுவிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் பூவோடு நேரில் வந்து பெண்டாட்டியை அழைத்துப் போகவும். கட்டினவன் வந்து கூப்பிடுவதுதான் முறை. இருவரும் பிள்ளை குட்டியோடு, தத்துவம் இல்லாமல், நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
கண்ணுச்சாமி

பி.கு.: எழுதியதைச் சத்தம் போட்டு வாசித்துப் பார்த்தேன். அடுப்படியிலிருந்து உங்க அத்தை வந்தாள். "கழுத்து எனக்குப் பிடிக்கும்னு எவ சொன்னா? நீரு தின்னது போகச் சட்டியில கெடக்குறது அதுதானய்யா" என்றாள். பொறவு அரக்குச் சேலை ஏழையும் கட்டிலில் கொட்டிவிட்டு, "கேக்கத் தெரிஞ்ச மனுசன் வீட்டுல நாலு நாள் இருந்துட்டு வாரேன்" என்று மகளையும் இழுத்துக்கொண்டு கிருஷ்ணன்கோவில் பஸ் ஏறிவிட்டாள். வெள்ளிக்கிழமை நீங்க வர வேண்டாம். பூவோடு நானே வாரேன். அவளுக்கு மல்லிகை பிடிக்குமா, பிச்சி பிடிக்குமான்னு மட்டும் செத்த கேட்டுச் சொல்லுங்க.