ஒல்லிக்கு ஒரு குழாய்

"வீட்டுல ஒல்லியா ஒருத்தராவது வேணும், ஒப்பிட்டுப் பாக்க. நீங்கதான் சரியான ஆளு" என்று ஆராய்ச்சிக்கூடத்து நர்ஸம்மா சின்னக் குழாயை நீட்டியதும் தையற்காரருக்கு வியர்த்துவிட்டது.

குண்டு உடம்பு பரம்பரையாக வருகிறதா என்று பார்க்கக் குடும்பம் குடும்பமாக எச்சில் சேகரிக்கிறார்களாம்; யார் யாருக்குப் பிறந்தவர் என்பதும் அதில் தெரிந்துவிடுமாம். அப்பா, அம்மா, தம்பி மூவருக்கும் தைக்க இரண்டு மடங்கு துணி வேண்டும். வெட்டியதில் மிஞ்சும் துண்டிலேயே தையற்காரருக்கு ஒரு சட்டை தேறிவிடும். "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினாங்கண்ணா" என்று தம்பி சின்ன வயதிலிருந்து செய்துவந்த கேலி, நாற்பது வயதிலும் அவரை உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

அம்மாவோ குழாய்ப் பேச்சு வந்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

"இந்த வம்பெல்லாம் நமக்கெதுக்குப்பா? வேண்டாம்னு சொல்லிடு" என்று கண் கலங்கினாள்.

அவருக்கு இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போயிற்று. இந்த அம்மா தன் அம்மா இல்லையென்றால் தனக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று பயந்து நடுங்கினார்.

உடம்பு ஏறிவிட்டால் தப்பிக்கலாமென்று மூச்சு முட்டத் தின்றார். வயிறு கெட்டு, இருந்த சதையும் கரைந்ததுதான் மிச்சம். இன்னும் வசதியாகப் போயிற்றென்று நர்ஸம்மாவுக்கு ஒரே சந்தோஷம். காய்ச்சல் என்று கடையிலேயே படுத்துப் பார்த்தார். அவள் நான்கு குழாய்களையும் வீட்டில் கொடுத்து, மறுநாள் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

வேறு வழியில்லாமல் தம்பியைத் தனியாக இழுத்துப் போனார்.

"டேய், என் குழாயிலயும் நீயே துப்பிடு."

"எதுக்குண்ணா?"

"உன் எச்சில்னா சந்தேகமே வராது. நீதான் அப்பாவை அப்படியே உரிச்சு வச்சிருக்கே."

தம்பி சிரிக்க ஆரம்பித்தான். அண்ணனின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தி, இரண்டையும் நிரப்பிக் கொடுத்தான்.

சில வாரம் கழித்து நர்ஸம்மா நான்கு பேரையும் வரச் சொல்லி உட்காரவைத்தாள். அம்மா தம்பியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். தன் கையைப் பிடிக்கவில்லையே என்று தையற்காரர் நாற்காலியை அம்மா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நர்ஸம்மா அப்பாவையும் அம்மாவையும் பார்த்துச் சலித்துக்கொண்டாள்.

"பிள்ளைங்க ரெண்டு பேர் குழாயிலயும் ஒரே ஆளோட எச்சில்தான் இருக்கு. அதுகூடப் போகட்டும், அந்த ஆள் உங்களுக்குப் பிறந்தவரே இல்லையே, வெளியாள் யாரைத் துப்ப விட்டீங்க?"