ஹோல்கரைத் தனியே விட்ட நாள்

ஹாபாய் தீவு,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் லூப்பேவுக்கு அப்பா செமிசி எழுதிக்கொள்வது. நான், உன் அம்மா, பன்றிகள் யாவரும் கர்த்தர் கிருபையால் சுகம். ஆக்லாந்துக் குளிரில் நீயும் சுகமாயிருக்க வேண்டுகிறோம்.

நீ ஆசையாய்க் கட்டிய விருந்தினர் குடிலின் பிழைப்பு கவிழ்ந்துவிட்டது, அம்மா. முதல் விருந்தாளி சந்தோஷமாகப் போனால் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடுவதாகச் சொன்னாயே, அதில் மண் விழுந்தது. டென்மார்க்கிலிருந்து வந்த ஹோல்கர் நல்ல மனிதர்தான். வந்ததும் தென்னைகளுக்கு நடுவே வலைத்தொட்டிலைக் கட்டிப் புத்தகத்தோடு படுத்தார். அதைப் பார்த்த என் அக்கா, உன் ஃபூசி அத்தைக்கு, நெஞ்சு பதறிவிட்டது. "ஆம்பள ஒத்தையில கெடக்கான்னா வீட்டுல சாவு விழுந்திருக்கும்டா. விருந்தாளிய இப்படியா அநாதையா விடுவ?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். அக்காள் பேச்சை மீற நம் ஊரில் எந்தத் தம்பிக்கு வாய் இருக்கிறது? பாய்களைச் சுருட்டிக்கொண்டு போய் அவரைச் சுற்றி உட்கார்ந்தோம். அவர் கடற்கரையின் அந்தக் கோடிக்குப் போனார். வெயிலில் பாவம் என்று பாய்களோடு நாங்களும் பின்னாலேயே போனோம். துக்கம் ஆறட்டும் என்று கோயில் பாட்டுக்குழு வேறு வந்து பாடியது. கடைசியில் மனிதர் படகை எடுத்துக்கொண்டு நடுக்கடல் மணல்திட்டுக்கே போய்விட்டார். சாப்பாட்டுக்கு என்ன செய்வார்? குழியடுப்பில் சுட்ட பன்றிக்குட்டியோடு இரண்டு படகு நிறையப் போய் இறங்கினோம். "தயவுசெஞ்சு என்னைத் தனியா விடுங்க. அதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்" என்றார். கறியைத் தொடக்கூட இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் குடிலுக்குத் திரும்பிய பிறகு, நேற்று முழுவதும் ஈ காக்கைகூட அவர் பக்கம் போகவில்லை. போதகரின் மனைவியிடம் கெஞ்சி, அத்தையைத் தங்கள் வீட்டிலேயே பிடித்துவைக்கச் சொன்னேன். தனியே கிடக்கத்தான் மனிதர்கள் கடல் தாண்டி வருகிறார்கள் என்றால் இந்தத் தொழில் நமக்கு வராது. குடிலை மூடிவிடுகிறேன். நீ அங்கேயே இரு. இதை எழுதக் கை வரவில்லை, எழுதிவிட்டேன்.

கர்த்தரின் கை உன் தலைமேல் இருக்கட்டும். கம்பளிச் சட்டை போடாமல் வெளியே போகாதே என்கிறாள் அம்மா.

இப்படிக்கு,
மனம் உடைந்த அப்பா,
செமிசி.

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது ஹோல்கர் சமையல்கொட்டகை வாசலில் வந்து நின்றார். யாரையும் காணோமே என்றார். தனிமை கேட்டீர்களே என்றேன். "கேட்டேன். நேத்து சாயங்காலம்தான் தெரிஞ்சுது, என் வீட்டுலயும் இப்படித்தான் இருக்கும்" என்றவர், பாயில் ஓரமாக உட்கார்ந்து, பன்றிக்கறி இருக்கிறதா என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இன்னும் இரண்டு வாரம் இருக்கப்போகிறாராம். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு உடனே கிளம்பி வா. இன்று அவர் பக்கத்தில் யார் உட்காருவது என்று உன் அத்தைமார் அடித்துக்கொள்கிறார்கள். என் பேச்சு அங்கே எடுபடாது.