தம்பி ஆனந்தராஜுக்கு எந்த இல்லமும் சரிப்படாது என்பது பற்றி

அரிமளம்,
ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பின்.

திருப்பூரில் குடியிருக்கும் அன்புத் தங்கை சுகுணாவுக்கு, அண்ணன் ரத்தினவேல் ஆசியுடன் எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அண்ணி மணிமேகலை சுகம், தம்பி ஆனந்தராஜ் ரொம்பவே சுகம், என்னைப் பற்றிக் கேட்காதே. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது சொல்கிறாய். கடிதத்தில் குறுக்கே பேச உனக்கு வழியில்லை, அதனால்தான்.

சித்திரையில் எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கேட்டாயே, "நமக்கப்புறம் இவனுக்கு யாருண்ணே?" என்று, அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சு. அவனுக்கு நாற்பத்தெட்டு வயதாகிவிட்டாலும் மனசு பத்து வயதைத் தாண்டவில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிள்ளை, அம்மா போனதிலிருந்து என் கூடவே இருப்பவன், நான் இல்லாத வீட்டில் அவன் எப்படி இருப்பான் என்று ராத்திரியெல்லாம் அதே யோசனை. அவனைப் போன்றவர்களைக் கூட இருந்து பார்த்துக்கொள்ளும் நல்ல இல்லமாகத் தேடச் சொன்னாய். நானும் தலையாட்டினேன். முப்பத்துநாலு வருஷம் கண்டக்டராக இருந்தவன், ஏறிய பஸ்ஸில் பாதியில் இறங்குகிற பழக்கம் எனக்கில்லை. மூன்று இல்லம் பார்த்தாயிற்று. மூன்றும் உதவாது.

முதலாவது புதுக்கோட்டை பக்கம். வாசலிலேயே ஒரு அம்மா, "வாங்க வாங்க, குழந்தையக் கூட்டிட்டு வந்தீங்களா?" என்றது. குழந்தையாம்! நரைத்த மீசையோடு என் பக்கத்தில் நிற்கிறான். அவனும் விடவில்லை. "நான் ஷேவிங் பண்ணுறேன்ல?" என்று கன்னத்தைத் தடவிக் காட்டினான். அத்தோடு அந்த இடம் முடிந்தது. இரண்டாவது மணமேல்குடிக்குப் போகிற வழியில். காற்றும் வெளிச்சமும் நன்றாகத்தான் இருந்தது, சாப்பாட்டில் மீன் கூட உண்டாம், ஆனால் ஜன்னலைத் திறந்தால் கடல். "என்னங்க இது, இவ்வளவு கிட்டத்துல கடல் இருக்கு?" என்று கேட்டேன். அந்த மேனேஜர் பொறுமையான மனிதர், "அத நாங்க வக்கலிங்க ஐயா, முன்னாடியே இருந்துச்சு" என்றார். யார் வைத்தால் என்ன, என் தம்பிக்கு நீச்சல் தெரியாது. திரும்பி வரும்போது உன் அண்ணி சொல்கிறாள், "ஏங்க, என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட நீங்க இம்புட்டு நொட்டை சொல்லலையே." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்றாவது திருமயத்தில். அன்புமொழி என்று ஒரு மேடம் நடத்துகிறது. எட்டுப் பேர், ஆளுக்கொரு கட்டில், ஆளுக்கொரு வேலை, கூடத்தில் கேரம் போர்டு. கக்கூஸைத் திறந்து பார்த்தேன், சுத்தம். சாம்பாரை வாங்கிக் குடித்தேன், உப்பு புளி எல்லாம் சரி. குறை ஒன்றும் அகப்படவில்லை என்றதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அப்புறம் ஒரு பாரம் கொடுத்தார்கள், யார் உதவியும் இல்லாமல் என்னென்ன செய்வார் என்று நிரப்ப வேண்டுமாம். தானே குளிப்பாரா? நான் 'இல்லை' என்று எழுதப் போனேன், "குளிப்பேன்!" என்றான் இவன். துணி துவைப்பாரா? "அண்ணன் வேட்டியும் நான்தான்." மாத்திரை நேரத்துக்குச் சாப்பிடுவாரா? "எனக்கு மாத்திரை கெடையாது. அண்ணனுக்குத்தான். செவப்பு காலையில, வெள்ளை ராத்திரி, நான் எடுத்துக் குடுக்கலைன்னா மறந்துபுடும்." அந்த மேடம் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தது. "ஐயா, கோவிச்சுக்காதீங்க, இப்ப அட்மிஷன் யாருக்குங்க?" உன் அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மூன்று நாள் தங்கிப் பார்க்கட்டும் என்றார்கள். விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்ல ஆசைதான், வரவில்லை. எதிர்த்தாற்போல் டீக்கடை, அங்கே உட்கார்ந்துவிட்டேன். அழுதால் சத்தம் கேட்கும் தூரம். சாயங்காலம் கடைசி பஸ்ஸில் வீடு, விடிந்ததும் முதல் பஸ்ஸில் திரும்பவும் அதே பெஞ்சு. அழுகைச் சத்தம் கேட்கவே இல்லை, கேரம் காயைத் தட்டுகிற சத்தமும் இவன் சிரிக்கிற சத்தமும்தான். இரண்டாம் நாள் பதினோரு மணிக்குக் கையில் தூக்குவாளியோடு டீ வாங்க வந்துவிட்டான், நான் தினத்தாளை விரித்து முகத்தை மறைத்தும் பிரயோஜனமில்லை. "அண்ணே, என்ன இங்கிட்டு ஒக்காந்திருக்க? சாப்டியா? மாத்திரை போட்டியா?" போடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்குக் கூட்டி வந்தான், அரிமளம் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினான், என்னை ஏற்றிவிட்டு கண்டக்டரிடம், "இவருக்கு ஒடம்பு சரியில்ல, சீட்டு குடுங்க, அரிமளத்துல பாத்து எறக்கி விடுங்க" என்றான். அந்தக் கண்டக்டர் நான் வேலை பழக்கிவிட்ட பயல். பல்லைக் காட்டுகிறான். ஆனந்தராஜ் பஸ்ஸை இரண்டு தட்டு தட்டி, "போலாம் ரைட்!" என்றான். முப்பத்துநாலு வருஷம் ஊரையெல்லாம் ரைட் சொல்லி அனுப்பியவன் நான், என்னை ஒருத்தர் ரைட் சொல்லி அனுப்பியது அன்றைக்குத்தான். அடுத்த ஸ்டாப் வரைக்கும் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை சுகுணா. தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஆகவே என் முடிவு இதுதான். அவனுக்கு எந்த இல்லமும் சரிப்படாது. நான் பக்கத்தில் இல்லாமல் அவனால் இருக்க முடியாது. இந்தப் பேச்சை இனி எடுக்காதே. பிள்ளைகள் நன்றாகப் படித்து நல்ல பேர் எடுக்கட்டும், நம் குலதெய்வம் உங்கள் எல்லோருக்கும் துணையிருக்கட்டும். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
ரத்தினவேல்

பி.கு.: தபாலில் போடச் சொல்லி இதை ஆனந்தராஜிடம் கொடுத்தேன். "சுகுணாவுக்கு என்ன எழுதியிருக்க, படி" என்றான். படித்தேன். முழுசும் கேட்டுவிட்டு, "நாளைக்கு நான் திருமயம் போறேன்னு எழுதலையே" என்கிறான். பை கட்டி வைத்து இரண்டு நாள் ஆகிறதாம், உன் அண்ணிக்கும் தெரியுமாம். "நான் இல்லாம நீ எப்புடிடா இருப்ப?" என்று கேட்டேன். உள்ளே போய் என் மாத்திரை டப்பாவை எடுத்து வந்து திறந்து காட்டினான். கட்டத்துக்கு ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை, ஆறு கட்டம் நிரப்பியிருக்கிறான். திருமயத்தில் கொடுத்த அந்தப் பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. ஏழாவது கட்டம் காலியாக இருக்கிறதே என்றேன். "அது ஞாயித்துக்கெழமை. அன்னைக்கு நான் வருவேன்ல?" என்றான்.