மாமனார் மீசையும் மாலை போட்ட டாக்டரும்

தொலைக்காட்சியில் துப்பறியும் தொடர் எழுதிப் பிழைக்கிறவன் நான். எங்கள் தொழிலின் மானத்தை வாங்கும் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கொலைகாரன் யார் என்று கடைசியாகத் தெரிந்துகொள்கிற ஆள், அந்தக் கதையை எழுதுகிறவன்தான். முதல் நாளே ஆளை முடிவு செய்து, வாரம் ஒரு துப்பாக விட்டுக்கொண்டு வருகிறேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். (என் அம்மா இன்றைக்கும் அப்படித்தான் நம்புகிறாள். நம்பட்டும், பாவம்.) நிஜத்தில், கடைசி வாரத்துக்கு எந்த நடிகரின் தேதி கிடைக்கிறதோ அவர்தான் கொலைகாரர். தேதி இல்லாதவர் நிரபராதி.

இந்த ஞானமெல்லாம் பிற்பாடு வந்தது. முதல் தொடர் எழுதும்போது நான் பெரிய மேதாவி. மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், கடற்கரைச் சாலையில் வாடகைக்கு எடுத்த ஒரு பங்களாவில் ஷூட்டிங். பணக்காரர் ஒருவர் செத்துக் கிடப்பார், வீட்டிலிருப்பவர்கள் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்வார்கள். மாதக்கணக்கில் முறைத்தார்கள். விஷ ஊசி போட்டது குடும்ப டாக்டர்தான் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். இயக்குநரும் தலையை ஆட்டியிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். அதற்கு முன் வந்த இடமெல்லாம், "சீரியல் எழுதறதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டுவிட்டு நழுவிக்கொண்டன. இந்தப் பெண் செல்வி, சதுரங்கப்பட்டினம். மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை; கோளாறு இருந்தால் தூக்கி ஓரமாகப் போட்டுவிடுவாள். (அதை நினைத்து, போகும்போதே சட்டைப் பொத்தான்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.) அவள் அப்பா ஏழுமலை, கடலோர ஊர்களிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு அந்தத் தொழிற்சாலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸின் டிரைவர். பஸ் வந்தால் கண்ணாடியில் முதலில் தெரிவது அவர் மீசை. அப்புறம்தான் அவர் தெரிவார்.

எங்களை உட்காரவைத்ததும் அவர் என் சம்பளத்தைக் கேட்கவில்லை. சொந்த வீடா என்று கேட்கவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் கெடக்கட்டும் மாப்ள. அந்த ஆள யாரு கொன்னது?"

"அது தொழில் ரகசியங்க."

"நம்ம வூட்டுக்கு மாப்ளயா வரப்போறீங்கோ. நமக்குள்ள இன்னா ரகசியம்?"

நான் சொல்லியிருக்க மாட்டேன். சத்தியமாக. ஆனால் அந்த நேரம் பார்த்து கேசரித் தட்டோடு வந்த செல்வி, பதிலைக் கேட்பதற்காகவே அப்படியே நின்று என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான், எனக்குப் பிடித்துவிட்டது. இந்தப் பெண் இல்லாவிட்டால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று தோன்றிவிட்டது. அப்படித் தோன்றினால் ஆண்பிள்ளைக்கு வாய் நிற்குமா?

"டாக்டர்" என்றேன்.

ஏழுமலை தொடையில் தட்டினார். "நான் அப்பவே நெனச்சேன். ஊசி புடிக்கிற கையே சரியில்ல."

"வெளிய யாருகிட்டயும் மூச்சு விட்றாதீங்க."

"சேச்சே. என் காதுல வுழுந்தா வயித்துக்குப் போயிடும் மாப்ள. வாய்க்கு வராது."

பூ வைத்தாயிற்று. கார்த்திகைக் கடைசியில் நிச்சயதார்த்தம், தையில் கல்யாணம் என்று முடிவானது. செல்வியோடு போனில் பேசிக்கொள்ளவும் அனுமதி கிடைத்தது. நான் கவிதையெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் எடுத்த எடுப்பில், "எங்கப்பா பஸ்ல இன்னா பண்ணிகினு வந்திருக்காரு தெரியுமா?" என்றாள்.

பஸ்ஸில் தினமும் என் தொடரைப் பற்றித்தான் பேச்சாம். ஒரு கட்சி மருமகன் என்கிறது, ஒரு கட்சி வாட்ச்மேன் என்கிறது. ஏழுமலை பல்லைக் கடித்துக்கொண்டு சில நாள் ஓட்டியிருக்கிறார். அப்புறம் திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் தாங்க முடியாமல் வண்டியை ஓரங்கட்டி, எழுந்து திரும்பி நின்று அறிவித்திருக்கிறார்: "டாக்டருதான். எங்க மாப்ள சொன்னாரு. இல்லன்னா இந்த மீசைய மழிச்சிட்டு வண்டி ஓட்டறேன்."

நான் பயப்படவில்லை. எழுதுகிறவனே நான்தானே.

கார்த்திகை பிறந்தது. இயக்குநர் கூப்பிட்டார். "தம்பி, டாக்டர் மாலை போட்டுட்டாருப்பா."

"எந்த மாலை சார்?"

"சபரிமலைக்குப்பா. கொல பண்ண மாட்டேங்கறாரு."

விழுந்தடித்துக்கொண்டு பங்களாவுக்கு ஓடினேன். வராந்தாவில் டாக்டர் கறுப்பு வேட்டி, நெற்றி நிறையச் சந்தனம், வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார்.

"சின்ன ஊசிதானே சாமி, கத்திகூட இல்ல" என்று கெஞ்சினேன்.

"உயிர் போகுதில்ல சாமி."

"நடிப்புதானே சாமி."

"இது நடிப்பு, அது நெசம்னு ஐயப்பன்கிட்ட யாரு சாமி போய்ச் சொல்றது?"

அதற்குமேல் என்ன பேச? மலைக்குப் போய் மாலையைக் கழற்றும்வரை காத்திருக்கலாம் என்றால், எங்கள் நேரத்தில் வரப்போகும் அடுத்த தொடருக்குச் சேனலில் விளம்பரமே ஓட ஆரம்பித்துவிட்டது. கடைசி வாரத்துக்குத் தேதி இருந்தவர் ஒரே ஒருவர்தான். காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும் சமையல்கார அம்மாள். கதை தொடங்கியதிலிருந்து ஒரு வசனம்கூடப் பேசாதவர். கூப்பிட்ட நேரத்துக்கு வரக்கூடியவர். ஒரே மத்தியானத்தில் அவருக்கு ஒரு பழைய பகையும், ஒரு செத்துப்போன தம்பியும், மூன்று பக்க வசனமும் எழுதிக்கொடுத்தேன். (அந்த அம்மாள் பிரமாதமாக நடித்தார் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும்.)

செல்வியிடம் சொன்னேன். அவள், "சீரியல் வர்றதுக்குள்ள அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. வேற யாராவது சொன்னா கல்யாணம் நிக்கும்" என்றாள்.

சொல்லத்தான் போன் செய்தேன். அவர் குரலைக் கேட்டதும், "மாமா, சாப்டீங்களா?" என்றேன். மறுநாளும் "சாப்டீங்களா". நான்காவது முறை கேட்டபோது மனிதர் உருகிவிட்டார். இப்படிப் பாசமான மாப்பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று பஸ்ஸில் சொல்லிக்கொண்டிருந்தாராம். கடைசிப் பகுதி ஒளிபரப்பாகி முடிந்தது. நான் சொல்லவில்லை.

மறுநாள் காலை செங்கல்பட்டில் எங்கள் வீட்டு வாசலில் ஹாரன் சத்தம். வாயில் பிரஷ்ஷோடு, லுங்கியோடு எட்டிப் பார்த்தேன். எங்கள் சின்னத் தெருவை அடைத்துக்கொண்டு கம்பெனி பஸ் நின்றது. ஜன்னலெல்லாம் தலைகள். டிரைவர் இருக்கையிலிருந்து யாரோ இறங்கினார். சத்தியமாக எனக்கு அடையாளம் தெரியவில்லை. வாயை மூடியிருந்த துண்டை விலக்கிய பிறகுதான் தெரிந்தது, மீசையில்லாத மாமா. செல்வி போச்சு என்றுதான் முதலில் நினைத்தேன்.

"டாக்டர்னு சொன்னியா, சொல்லலியா?" மரியாதையும் மீசையோடு போய்விட்டிருந்தது.

"சொன்னேன் மாமா."

"எங்கிட்ட சொல்லாத. வண்டில ஏறி அவனுங்ககிட்ட சொல்லு. மீச போனா போவுது. என்னியப் புளுகன்றானுங்க."

அப்போதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. மனிதர் என்மேல் வைத்த நம்பிக்கையை ஊருக்கு முன்னால் பந்தயம் வைத்திருக்கிறார். நான் "சாப்டீங்களா" என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். நுரையைத் துப்பிவிட்டு பஸ்ஸில் ஏறினேன். நடுவில் செல்வியும் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா பொய் சொல்லல. டாக்டர்னு நான்தான் சொன்னேன். தப்பு என்னுது."

"அப்ப இன்னாத்துக்கு மாத்துன?" என்றது ஒரு குரல்.

"டாக்டரா நடிச்சவரு மாலை போட்டுட்டாருங்க. கொல பண்ண மாட்டேன்னுட்டாரு."

அதற்குப் பிறகுதான் பின்சீட்டைக் கவனித்தேன். அங்கே நாலைந்து பேர் கறுப்பு வேட்டியில் இருந்தார்கள். அவர்களில் பெரியவர் ஒருவர் எழுந்தார். "சாமி செஞ்சதுதான் சரி. மாலையோட கொல பண்ணுவாங்களா?" என்றார். பஸ்ஸே ஆமாம் போட்டது. சும்மா கதைக்குக்கூடக் கூடாது என்றார் ஒருவர்.

ஏழுமலை மாமாவின் கோபம் மெல்ல இறங்கியது. "மாலை போட்டவரு கைல ஊசியக் குடுக்கப் பாத்தீங்களா? தப்பு மாப்ள" என்றார். 'மாப்ள' திரும்பி வந்ததைக் கேட்டு எனக்கு உயிர் வந்தது. செல்வி ஜன்னலை விட்டுத் திரும்பினாள். என் லுங்கியைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் முன்சீட்டிலிருந்த ஒருவர் கேட்டார். "அண்ணாத்த, நீயும் மாலை போட்டிருந்தா மீசய எடுக்க வேண்டியதே இல்ல. விரதத்துல சவரம் கெடயாதே?"

பஸ் குலுங்கிச் சிரித்தது. மாமா மட்டும் சிரிக்கவில்லை. மொழுக்கென்றிருந்த மேலுதட்டைத் தடவியபடி யோசித்துக்கொண்டே இறங்கிப் போய், நானும் இறங்கியதும் வண்டியை எடுத்தார்.

அன்று சாயங்காலமே மாமியார் என் அம்மாவுக்குப் போன் செய்து, நிச்சயதார்த்தம் சொன்ன தேதியில்தான் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். அந்த மீசைக்கு மாமா பூசுகிற சாயத்தால் தலையணை உறையெல்லாம் கறுப்பாகி, கல்யாணமான நாளாக அவர் துவைத்துச் சலித்துப் போயிருக்கிறாராம். எத்தனையோ சண்டை போட்டும் போகாத மீசையை ஒரே சீரியலில் எடுக்க வைத்த மாப்பிள்ளை நான். எங்கள் கல்யாண ஆல்பத்தில் மாமா அரை மீசையோடு யாரோ போல நிற்கிறார். மாமியார் எல்லாப் படத்திலும் சிரிக்கிறார்.

இப்போது எங்கள் வீட்டில் யாராவது எதையாவது அடித்துச் சொன்னால், செல்வி "டாக்டர்தானே?" என்று கேட்பாள். நான் சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்றால்கூட அதே கேள்விதான்.

பஸ்ஸில் உதித்த அந்த யோசனையை மாமா விடவில்லை. என் தொடர் ஓடுகிற வருஷமெல்லாம் கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டுவிடுகிறார். பிறகு பஸ்ஸில் தன் இஷ்டத்துக்கு யாரையாவது கொலைகாரன் என்று அறிவித்து, மீசையைப் பந்தயம் வைக்கிறார். தோற்றாலும் யாரும் கத்தியோடு கிட்டே வர முடியாது. மலைக்குப் போய்விட்டு வருவதற்குள் ஜனங்கள் மறந்துவிடுகிறார்கள். (விரதத்தில் பந்தயம் கட்டலாமா என்று கேட்டேன். சாமி இதையெல்லாம் கண்டுக்காது என்றார்.) இப்போது மீசை பழையபடி வளர்ந்து தலையணை உறையும் கறுப்பாகிறது; அந்த மாதங்களில் தாடியும் சேர்ந்துகொள்கிறது. சதுரங்கப்பட்டினத்தில், கடல் பக்கத்தில் இருந்துகொண்டு, வீட்டில் மீன் வாசனையே இல்லாமல் போகிறது.

போன வாரம் சாப்பிடப் போயிருந்தோம். மாமா கை கழுவ எழுந்த நேரம், மாமியார் இன்னொரு வஞ்சிரத் துண்டை என் தட்டில் வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"மாப்ள, இந்தக் கதைய கார்த்திகை வரைக்கும் இழுக்காம ஆடி மாசத்துலயே முடிச்சிடுங்களேன்."